வாயைத் திறந்தால் 'டொக்' என்கிறது: நல்ல பற்களைத் தேய்க்கச் சொல்கிறார்கள், தேய்க்கலாமா?

மாங்கனி_நகர் | கிருஷ்ணகிரி | ஞாயிறு மாலை

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் வேலை பார்க்கிறேன், வயது 38. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைக் கல்லூரி நாட்களிலேயே பிடுங்கியாயிற்று. அந்த இடத்தில் எதுவும் கட்டவில்லை. அப்போதிருந்து இடது பக்கமாகவே மென்று பழகிவிட்டது. போன பொங்கலுக்குப் பிறகு இடது பக்கக் கீழ்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து இடது கன்னத்தில் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அதிகம், மதியத்துக்குள் குறைந்துவிடும். கொட்டாவி விட்டால் வலது காதுக்கு முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு.

காது டாக்டரிடம் காட்டினேன், காது சுத்தமாக இருக்கிறது என்றார். வேறொரு பல் கிளினிக்கில் கேட்டால், "உங்கள் கடிப்பே தப்பு. மேலும் கீழும் பல பற்களைத் தேய்த்துச் சமப்படுத்தி ஆறேழு கேப் போட்டால்தான் தாடை மூட்டு சரியாகும்" என்கிறார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் வலி பறந்துபோயிற்று, அது ஒன்றுதான் லாபம்.

தாடை மூட்டுக்கும் பல் பொருந்துவதற்கும் என்ன சம்பந்தம்? நல்ல பற்களைத் தேய்ப்பது அவசியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தொப்பூர்_கணவாய் | ஞாயிறு இரவு

எனக்கும் அந்தச் சத்தம் பதினைந்து வயதிலிருந்து இருக்கிறது. வலி கிடையாது. சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். எந்த டாக்டரிடமும் போனதில்லை.

---

பாரூர்_ஏரி | ஞாயிறு இரவு

சிஸ்டர், கடிப்பு கோணலாக இருந்தால் மூட்டு கெடத்தான் செய்யும். என் மகளுக்கு மேல் பல் தூக்கலாக இருந்தது. பெங்களூருக்குக் கூட்டிப்போய் கிளிப் போட்டோம், இப்போது முத்து வரிசை. செலவைப் பார்த்து ஒத்திப்போடாதீர்கள். பல்லைச் சரிசெய்தால் மூட்டு தானாகச் சரியாகும் என்பது என் கருத்து.

---

கடைவாய் | தர்மபுரி | திங்கள் காலை

இங்கே பல் மருத்துவம் பார்க்கிறேன். வாயைப் பார்க்காமல் உங்களுக்கு இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்ட இரண்டு கேள்விக்கும் பொதுவாகப் பதில் சொல்லலாம். கொஞ்சம் நீளமாக வரும்.

கீழ்த்தாடை ஒரே எலும்பு. ஆனால் அதற்கு மூட்டு இரண்டு. இரண்டு காதுக்கும் முன்னால், மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழியில், தாடையின் உருண்டையான முனை உட்கார்ந்திருக்கிறது. ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போலத்தான் இந்த இரண்டு மூட்டும். ஒன்று மட்டும் தனியாக நடக்க முடியாது. ஒன்று பின்தங்கினால் வாய் திறக்கும்போது தாடை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம்.

இப்போது காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து பாருங்கள். முன்பற்களுக்கு நடுவே 20, 25 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை அந்த உருண்டை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறந்தால் குழியை விட்டு முன்னே நழுவி, எதிரே உள்ள எலும்பு மேட்டின் சரிவில் இறங்கும். முழங்கை மடங்கி நிமிரும், அதோடு சரி. தாடை மூட்டு சுழலவும் வேண்டும், நழுவவும் வேண்டும். இரண்டு எலும்புக்கும் நடுவே, நடுப்பகுதி மெலிந்த ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. டிஸ்க் என்போம். டிஸ்க்குக்கு அடியில் சுழற்சி நடக்கிறது, மேலே நழுவல் நடக்கிறது. உருண்டை எங்கே போனாலும் டிஸ்க் அதன் தலைமேல் கூடவே போக வேண்டும்.

சிலருக்கு அந்த டிஸ்க் கொஞ்சம் முன்பக்கம் தள்ளிப்போயிருக்கும். வாயைத் திறக்கையில் உருண்டை முன்னே நகர்ந்து டிஸ்க்கின் பின்விளிம்பைத் தாண்டி அதன் நடுவில் ஏறி உட்காரும். அந்த ஏற்றம்தான் 'டொக்'. மூடும்போது மறுபடி இறங்கும், சிலருக்கு அப்போதும் சின்னதாகச் சத்தம் வரும். வலி இல்லை, வாய் தடையில்லாமல் திறக்கிறது, சத்தம் மட்டும்தான் என்றால் வைத்தியம் வேண்டாம். தொப்பூர்க்காரர் செய்ததுதான் சரி. நல்ல ஆரோக்கியமான மனிதர்களிலேயே ஏராளமான பேருக்கு இந்தச் சத்தம் உண்டு.

அடுத்து பற்கள். பல் எலும்பில் நேராகச் சிமெண்ட் வைத்துப் பூசியது கிடையாது. வேரைச் சுற்றிச் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப் படலம் இருக்கிறது, அதில்தான் பல் தொங்குகிறது. அந்தப் படலத்தில் உள்ள நரம்புகள் மிகக் கூர்மையானவை. சோற்றில் ஒரு முடி கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோமே, அது இவற்றின் வேலை. ரூட் கெனால் செய்தால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு போய்விடும், வெளியே உள்ள இந்தப் படலம் போகாது. அதனால் நரம்பு எடுத்த பல்லில் போட்ட கேப் ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் தாடைக்குத் தெரியும். உடனே தசைகள் அந்த இடத்தைத் தவிர்த்துக் கடிக்கப் பழகும், அல்லது அதையே நெரித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது ஆள் தசை. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தால் ஒன்று புடைக்கும், நெற்றிப்பொட்டில் இன்னொன்று புடைக்கும். தாடையைத் தூக்குபவை இவை. ஆரோக்கியமான ஒருவர் கடைவாயில் 50 கிலோவுக்கும் மேல் அழுத்தம் கொடுக்க முடியும். இவ்வளவு பலம் உள்ள தசைகள் நாளெல்லாம் சும்மா இருக்க வேண்டியவை. வாய் மூடி, உதடு சேர்ந்து, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் படுகிற நேரத்தையெல்லாம் கூட்டினால்கூட ஒரு நாளைக்கு அரைமணி நேரம் வராது. என்னிடம் கன்னவலி என்று வருகிறவர்களைக் கேட்டால் பாதிப்பேர், "பல் எப்பவும் சேர்ந்துதானே இருக்கும்?" என்கிறார்கள். இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

சரி, நல்ல கடிப்பு என்றால் என்ன? மூடும்போது இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் ஒரே நேரத்தில் படவேண்டும். பாரம் வேரின் நீளவாக்கில் இறங்க வேண்டும். முன்பற்கள் லேசாகத் தொட்டால் போதும். அப்போது மூட்டின் உருண்டைகளும் டிஸ்க்கோடு சேர்ந்து குழியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் வழிநடத்தும், கடைவாய்ப் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். கோரைப்பல்லின் வேர் வாயிலேயே நீளமானது, மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் தள்ளி இருக்கிறது, அதனால் பக்கவாட்டு விசையைத் தாங்கும். முன்னே நீட்டினால் வெட்டுப்பற்கள் அதே வேலையைச் செய்யும். மூடும்போது கடைவாய் முன்பற்களைக் காக்கிறது, நகரும்போது முன்பற்கள் கடைவாயைக் காக்கின்றன. புத்தகத்தில் இருப்பது இதுதான். புத்தகப்படி இல்லாத கடிப்போடு எண்பது வயதுவரை கறியும் எலும்பும் தின்கிற ஆட்களை நம் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாங்கனி நகர் அக்காவுக்கு: புதிய கேப் போட்ட பக்கமே கன்னவலி, காலையில் அதிகம் என்பதால் முதலில் அந்தக் கேப்பைத்தான் சந்தேகப்படுவேன். கேப் போட்ட இடத்திலேயே போய், கலர் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உயரமாக இருந்தால் அந்தக் கேப்பை மட்டும் குறைப்பது சின்ன வேலை. மூட்டுக்காக நல்ல பற்களை வரிசையாகத் தேய்ப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பல்லின் கெட்டியான மேலோடுதான் எனாமல், தேய்த்தால் அது திரும்ப வளராது.

---

பாரூர்_ஏரி | திங்கள் மதியம்

டாக்டர் சார், முரண்படுகிறதே. கேப் ஒரு மயிரிழை தூக்கினால் வலி வரும் என்கிறீர்கள். அப்புறம் கடிப்பு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறீர்கள். எது சரி?

---

கடைவாய் | திங்கள் இரவு

நல்ல கேள்வி. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. பிறவியிலிருந்தே பற்கள் அப்படி முளைத்தவருக்குத் தசையும் மூட்டும் அதற்கேற்ப வளர்ந்து பழகியிருக்கும். திடீரென ஒரே நாளில் ஒரு பல் உயர்ந்தால் பழக நேரம் இல்லை. பலர் அதற்கும் சில நாட்களில் பழகிவிடுவார்கள், சிலருக்கு முடியாது.

கடிப்புக் கோணல்தான் மூட்டுவலிக்கு மூலம் என்ற எண்ணம் பழையது. 1934இல் அமெரிக்காவில் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுவலி, காது அடைப்பு, தலைச்சுற்றல் எல்லாவற்றையும் தாடை மூட்டோடு சேர்த்து எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை பின்னே போய் நரம்பை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். அந்த உடற்கூற்று விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனாலும் பல்லைச் சரிசெய்தால் மூட்டு சரியாகும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் ஓடியது, நிறையப் பேரின் நல்ல பற்கள் தேய்ந்தன. பிறகு வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பு பலவீனமானது என்றே காட்டின. தூக்கம், மனஉளைச்சல், பல்லை நெரிக்கும் பழக்கம், அடிபட்டது, உடம்பில் வேறு இடங்களில் இருக்கும் நாள்பட்ட வலி, எல்லாம் சேர்ந்துதான் தாடை வலி வருகிறது. 20 வயதிலிருந்து 40 வரையிலான பெண்களிடம் கூடுதல். 2020இல் அமெரிக்க தேசிய அகாதமிகள் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டன. இதைப் பல் சம்பந்தப்பட்டதாக மட்டும் பார்த்தது போதும், முழு உடம்பின் வலியாகப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் மகளுக்குக் கிளிப் போட்டது நல்ல காரியம். பிள்ளை கீழே விழுந்தால் துருத்திய மேல்பல்தான் முதலில் உடையும், உதடு மூடாது, சுத்தம் செய்வதும் கஷ்டம். அதற்காகப் போடலாம், அழகுக்காகவும் போடலாம். மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்லிப் போடுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

---

ஒசூர்_ஷிஃப்ட் | திங்கள் நள்ளிரவு

கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறி வரும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக ரூம்மேட் புகார். பல் மருத்துவர் பார்த்துவிட்டு கோரைப்பல் நுனி தட்டையாகிவிட்டது என்றார். மருந்துக் கடையில் வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடிக்கிற கார்டு (பல்லைக் காக்கும் உறை) கிடைக்கிறதே, அது போதுமா?

---

கடைவாய் | செவ்வாய் காலை

கோரைப்பல் தட்டையாகிவிட்டால் பக்கவாட்டில் வழிநடத்த ஆள் இல்லை, அடுத்த பாரம் கடைவாய்க்கு. அதனால் பல்லைக் காப்பது நியாயம்தான். கடையில் கிடைக்கும் ரப்பர் மாதிரியானவை கொஞ்ச நாள் சமாளிக்க உதவும், சிலருக்கு மெல்லத் தோன்றி நெரிப்பு கூடிவிடும். அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் கார்டு மேல். ஒன்று கவனியுங்கள், அது அந்தத் தாடையின் எல்லாப் பற்களையும் மூட வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சின்ன கார்டை மாதக்கணக்கில் போட்டால் மூடாத பற்கள் மெல்ல எழும்பி, கடிப்பே மாறிவிடும்.

கார்டு நெரிப்பை நிறுத்தாது, தேய்மானத்தைத்தான் தடுக்கும். ராத்திரி டீ, சிகரெட், குடி மூன்றும் நெரிப்பைக் கூட்டும். மன அழுத்தத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் கூட்டலாம், அப்படி ஏதாவது எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டை, பகலில் தூக்கம் தூக்கமாக வருவது இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

---

பென்னாகரம்_பையன் | செவ்வாய் மதியம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பல் பழுப்பு. போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். எனக்குக் கடைவாய் ஓரம் பொரிந்து பொரிந்து விழுகிறது. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பால் தாடை மூட்டும் கெடுமா?

---

கடைவாய் | செவ்வாய் இரவு

நம் இரண்டு மாவட்டத்திலும் தினமும் பார்க்கிற விஷயம் இது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் பக்கத்துப் பல ஆழ்துளைக் கிணறுகள் இதைத் தாண்டியவை. பல் முளைப்பதற்கு முன்னால், எனாமல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள் அதிக ஃப்ளோரைடு சேர்ந்தால் எனாமல் நெருக்கமில்லாமல் நுண்துளைகளோடு அமைகிறது. முளைத்த பிறகு கறை ஏறும், கடுமையாக இருந்தால் பள்ளம் விழும், ஓரம் பொரியும். வயது வந்தபின் அதே தண்ணீரைக் குடித்தால் பல்லில் புதிதாக இந்தக் கறை வராது, எலும்புக்குத்தான் கேடு.

தாடை 'டொக்' சத்தத்துக்கு இதைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் கடிப்புக்கு மறைமுகமாகச் சம்பந்தம் உண்டு. பொரிந்த கடைவாய்ப் பற்கள் சீக்கிரம் தேய்ந்து உயரம் குறையும். அதைவிட முக்கியம், கல்யாணத்துக்கு முன்னால் பழுப்பை மறைக்க ஒரே வாரத்தில் முன்பற்கள் ஆறுக்கும் கேப் போட்டுக்கொள்கிறார்களே, அங்கேதான் கடிப்பு மாறுகிறது. கேப் தடித்தால் மூடும்போது முன்பற்களில் முதலில் இடிக்கும், கடைவாய் சேராது. போடுபவர் நகர்வையும் சேர்த்துச் சோதித்தாரா என்று கேளுங்கள். லேசான கறைக்கு மேலோட்டமாக மெருகேற்றி அமிலப் பசை வைத்தே ஓரளவு குறைக்கலாம், கேப் கடைசி வழி.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது இதற்காகத்தான், ஜப்பான் நிதியுதவியோடு. அந்தத் தண்ணீர் வரும் வீட்டில் குழந்தைக்குப் போர் தண்ணீரில் சோறு பொங்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

---

தென்பெண்ணை_கரை | செவ்வாய் இரவு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பல் கோணுவதே பிஸ்கட், மேகி தின்பதால். எங்கள் காலத்தில் கேழ்வரகுக் களி தின்றோம், தாடை இரும்பு மாதிரி வளர்ந்தது. கிளிப்பும் தெரியாது, கார்டும் தெரியாது.

---

தொப்பூர்_கணவாய் | செவ்வாய் இரவு

பெரியவரே, களியை யார் மென்றது? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே முறை. மென்றால் எங்கள் பாட்டி அடிப்பார்.

---

கடைவாய் | செவ்வாய் இரவு

சிரிப்பை அடக்க முடியவில்லை. களி விஷயத்தில் தொப்பூர்க்காரர் பக்கம்தான் நியாயம். ஆனால் பெரியவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை உண்டு. வளரும் வயதில் மெல்லும் வேலை அதிகம் இருந்தால் தாடை எலும்பு அகலமாக வளர வாய்ப்பு உண்டு என்று பழைய மண்டையோடுகளையும் விலங்குகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. கரும்பு, வறுத்த கடலை, மாவடு என்று குழந்தைகள் கடித்துத் தின்னட்டும். பெரியவர்கள் வலி இருக்கும்போது 'தாடைப் பயிற்சி' என்று சூயிங்கம் மெல்ல ஆரம்பித்தால்தான் கெடும். இப்போது ஒரு ரப்பர் உருண்டையைக் கடித்தால் தாடை செதுக்கியது போல வரும் என்று விற்கிறார்கள். கன்னத் தசை பெருக்கும், மூட்டு வலிக்கும், எலும்பு மாறாது.

---

அரூர்_அம்மா | புதன் காலை

என் பையனுக்கு ஏழு வயது. விரல் சூப்புவதை இப்போதுதான் விட்டான். வாயை மூடினாலும் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சேராமல் நடுவில் நாக்கு தெரிகிறது. கீழ் தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிற மாதிரியும் இருக்கிறது. பால்பல் விழட்டும், பன்னிரண்டு வயதில் பார்க்கலாம் என்கிறார் மாமியார்.

---

கடைவாய் | புதன் மதியம்

இந்த இழையில் அவசரம் என்று நான் நினைப்பது உங்கள் கேள்விதான், அம்மா. பன்னிரண்டுவரை காத்திருக்காதீர்கள். விரல் சூப்பும்போது நாக்கு கீழே போய்விடும், கன்னம் உள்நோக்கி அழுத்தும், மேல்தாடை குறுகும். குறுகிய மேல்தாடையில் கடைவாய்ப் பற்கள் முட்டிக்கொள்ளும், பையன் சேர்த்துக் கடிக்கத் தாடையை ஒரு பக்கம் ஒதுக்குவான். வளரும் வயதில் தினமும் ஒதுக்கினால் எலும்பே அந்தப் பக்கம் சாய்ந்து வளரலாம். இந்த வயதில் மேல்தாடையை அகலமாக்கும் கருவி எளிதாக வேலை செய்யும், நடுவில் இருக்கும் இணைப்பு இன்னும் இறுகவில்லை. முன்பற்களின் இடைவெளி பழக்கம் நின்றதால் கொஞ்சம் தானாகவும் குறையலாம். ஏழு வயதில் ஒரு தடவை பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது பொதுவாகவே நல்லது. மூக்கடைப்பு, வாயால் மூச்சு விடுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, எல்லா அம்மாக்களுக்கும். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பால்பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையானாலும் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். 1899இல் எட்வர்ட் ஆங்கிள் என்பவர் கடிப்புகளை வகைப்படுத்தியபோது இந்தப் பல்லைத்தான் அடையாளக் கல்லாக வைத்தார். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வெளி முகடு கீழ்ப் பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்தால் சரியான வகை. இன்றைக்கும் பல் மருத்துவர்கள் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். இந்தப் பல்லை இழந்தால் பின்னால் உள்ளது முன்னே சாயும், எதிரில் உள்ளது கீழே இறங்கும்.

---

மாங்கனி_நகர் | வெள்ளி இரவு

கேப் போட்ட இடத்துக்கே போனேன். நீல பேப்பர் வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். மற்ற பற்களில் புள்ளி, கேப்பில் மட்டும் நடுவில் வெள்ளை விழுந்த பெரிய வட்டம். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அதில்தான் கோடு இழுக்கிறது. கொஞ்சம் தேய்த்து மெருகேற்றினார்கள். பணம் வாங்கவில்லை. காலை வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. 'டொக்' அப்படியே இருக்கிறது.

அப்புறம் நான் பகலில் நோட்டுத் திருத்தும்போது பல்லை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இந்த இழையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி: பிடுங்கிய பழைய பல்லின் இடத்தை இப்போது நிரப்ப வேண்டுமா? ஒருவர் இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்) என்கிறார், ஒருவர் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின்மேல் மாட்டும் பாலம்) என்கிறார்.

---

கடைவாய் | சனி காலை

நடுவில் வெள்ளை விழுந்த வட்டம் என்றால் அங்கே அழுத்தம் அதிகமாக இருந்தது என்று அர்த்தம். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். 'டொக்' டிஸ்க்கின் சமாச்சாரம், கேப்போடு அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. வலிக்காதவரை விடுங்கள்.

நோட்டுத் திருத்தும் மேசையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் உதடு சேர்ந்து, பல் பிரிந்து, நாக்கு மேலண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சில வாரங்களுக்கு அகலமாக வாய் திறக்கிற வேலை வேண்டாம். மாம்பழத்தைக் கடித்து இழுக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள் (கிருஷ்ணகிரிக்காரரிடம் இதைச் சொல்வது பாவம்தான்). கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையைக் கொடுங்கள். கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுங்கள். பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே அடங்கிவிடும்.

பிடுங்கிய இடத்துக்கு: இத்தனை வருடத்தில் பக்கத்துப் பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மேல் பல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேயும் அச்சும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நகர்வு நின்று, மெல்லக் கஷ்டம் இல்லையென்றால் சும்மா விடுவதும் ஒரு வைத்தியம்தான். முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் ஒழுங்காகச் சேர்ந்து, மொத்தம் 20 பற்கள் இருந்தாலே பெரும்பாலோருக்குச் சமாளிக்க முடியும் என்று நெதர்லாந்தில் காய்சர் என்பவர் 1980களில் காட்டினார். இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தால் நிரப்புங்கள். பக்கத்துப் பற்கள் நல்ல நிலையில் இருந்தால் பிரிட்ஜுக்காக அவற்றைத் தேய்ப்பதைவிட இம்ப்ளாண்ட் மேல். ஆனால் இம்ப்ளாண்டைச் சுற்றி அந்த நார்ப் படலம் கிடையாது, உயரமாக இருந்தால் பல் மாதிரிச் சொல்லாது. அதனால் கடிப்பை இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

---

தொப்பூர்_கணவாய் | சனி மதியம்

எங்கள் பெரியப்பாவுக்கு வாய் சரியாகத் திறப்பதில்லை, இரண்டு விரல்கூட நுழையாது. மூட்டுதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பாக்கு போடும் பழக்கம் உண்டு.

---

கடைவாய் | சனி மாலை

தைலத்தை நிறுத்திவிட்டு உடனே கூட்டிவாருங்கள். நம் மூன்று விரல் உள்ளே நுழைவது சாதாரண அளவு, 40 முதல் 50 மில்லிமீட்டர். பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவருக்குக் காரம் எரிந்து, வாய் மெல்ல மெல்லச் சுருங்கினால் அது மூட்டு இல்லை, கன்னத்தின் உள்தோல் நாராக இறுகுகிறது. அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. பாக்கை இன்றே விட வேண்டும். மூட்டு என்று நினைத்து நாள் கடத்தக்கூடாத வேறு சிலவும் உண்டு: காய்ச்சலோடு வீக்கம், அடிபட்டபின் கடிப்பு திடீரென மாறுவது, ஐம்பது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலியோடு தலைத்தோல் வலியும் பார்வை மங்கலும், நடக்கும்போது மட்டும் தாடையும் நெஞ்சும் சேர்ந்து இறுகுவது. கடைசி இரண்டுக்கும் பல் டாக்டர் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

---

ஒசூர்_ஷிஃப்ட் | ஞாயிறு

அளவெடுத்துக் கார்டு வாங்கிவிட்டேன். முதல் ராத்திரி எச்சில் ஊறித் தூக்கமே இல்லை. இதை வெந்நீரில் கழுவலாமா?

---

கடைவாய் | ஞாயிறு

வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். சாதாரணத் தண்ணீர், மெல்லிய பிரஷ், கொஞ்சம் சோப்பு. பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். எச்சில் சில நாளில் நின்றுவிடும். நாய் வளர்த்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.